கையைப் பிடித்தால் தொடுகிறோமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். வயது 36. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் அறிவியல் என்றால் ஆசை. கொழுந்து வாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பேன். அணுவுக்குள் 99.99 சதவீதம் வெற்றிடம், அதனால் நாம் எதையும் தொடுவதே இல்லை என்கிறார்கள். நேரம் என்பதே பொய், வானத்தில் தெரிகிற நட்சத்திரங்கள் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன, இந்த உலகமே யாரோ ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டாக இருக்கலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆறு மாதமாக இதே நினைப்பு. விடியற்காலை வீட்டுக்கு நடக்கும்போது எதிரே நிற்கும் மலை நிஜம்தானா என்று தோன்றுகிறது. எட்டு வயது மகள் கையைப் பிடித்தால், ‘இது தொடுதல் இல்லை’ என்று மனசு சொல்கிறது. பயமாக இருக்கிறது. எல்லாம் மாயை என்று பெரியவர்கள் சொன்னதைத்தான் அறிவியலும் சொல்கிறதா? யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள்.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதகையில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட மாணவர்கள் குறைவு. எனக்கே இருபது வயதில் இது வந்தது. அணுவைப் பற்றிய பாடம் முடிந்த அன்று இரவு, விடுதி அறையில் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

மகளின் கையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

1909-ல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா என்ற வேகமான நுண்துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போயின. மிகச் சில, சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வந்தன. அணுவின் நடுவே மிகச் சிறிய, கனமான கரு ஒன்று இருக்கிறது என்று 1911-ல் அவர் முடிவுக்கு வந்தார். எவ்வளவு சிறியது? ஹைட்ரஜன் அணுவின் கருவை ஒரு மிளகு என்று வைத்துக்கொண்டால், அணுவின் எல்லை சுமார் 150 மீட்டர் தள்ளி இருக்கும். அந்த மிளகுக்குள்தான் அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அடங்கியிருக்கிறது. இது உண்மை. நீங்கள் பார்த்த வீடியோக்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தப்பு அடுத்த அடியில் நடக்கிறது. எடை எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ‘பொருள்’ எங்கே இருக்கிறது என்ற கணக்காக மாற்றிவிடுகிறார்கள். மிளகைத் தவிர மிச்ச இடம் காலி என்று சொல்ல வேண்டுமானால், எலெக்ட்ரானும் ஒரு சின்ன மணி, அது அந்தப் பரந்த இடத்தில் எங்கோ ஒரு மூலையில் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். 1920-களின் நடுவிலேயே அந்தப் படத்தை இயற்பியல் கைவிட்டுவிட்டது. எலெக்ட்ரான் ஓர் அலையாக அந்த இடம் முழுவதும் பரவி நிற்கிறது. எடை குறைவுதான், ஆனால் இடத்தை அது நிரப்பியிருக்கிறது. பூண்டு வாசனை அடுக்களை முழுக்க நிற்கும்போது அடுக்களை காலி என்று சொல்வோமா? உவமை முழுதாகப் பொருந்தாது, இருந்தாலும் ‘வெற்றிடம்’ என்ற சொல்லைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, மகள் உங்கள் கையைப் பிடிக்கும்போது என்ன நடக்கிறது? அவள் தோலின் எலெக்ட்ரான்கள் உங்கள் தோலின் எலெக்ட்ரான்களை நெருங்குகின்றன. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925-ல் பவுலி என்ற இயற்பியலாளர் கண்ட விதி ஒன்று உண்டு. அந்த விதியும், ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விலக்கமும் சேர்ந்து ‘இதற்கு மேல் உள்ளே வராதே’ என்று தடுக்கின்றன. கல் கல்லாக நிற்பதற்கும், நாம் தரைக்குள் மூழ்கிப் போகாததற்கும் இதுவே காரணம். பவுலியின் விதி இல்லாவிட்டால் எந்தப் பொருளும் தன் பருமனோடு நிலைத்து நிற்க முடியாது என்பதை 1967-ல் டைசன், லெனார்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் கணிதமாகவே நிரூபித்தார்கள். அந்தத் தடுப்பில் உங்கள் தோல் சிறிது அமுங்குகிறது, நரம்பு அதை மூளைக்குச் சொல்கிறது. அவள் கையின் அணுக்களுடைய அதிர்வு உங்கள் கையின் அணுக்களுக்குக் கடத்தப்படுகிறது. அதைத்தான் கைச்சூடு என்கிறோம்.

தம்பி, தொடுதல் என்பதே இதுதான். உலகத்தில் யார் யாரைத் தொட்டபோதும் இதுதான் நடந்தது. அந்தச் சொல்லுக்கு இதைத் தவிர வேறு பொருள் ஒருநாளும் இருந்ததில்லை. வீடியோக்காரர், மணியும் மணியும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்வதே தொடுதல் என்று தானாக ஓர் இலக்கணம் எழுதிக்கொள்கிறார். அப்படி எதுவும் நடப்பதில்லை, ஆகவே தொடுதலே இல்லை என்கிறார். இல்லாமல் போனது அவர் எழுதிய இலக்கணம் மட்டுமே. உங்கள் மகளை நீங்கள் தொடுகிறீர்கள். தொடுதல் எப்படி நடக்கிறது என்று முன்பு தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது.

ஒரு பொருள் நமக்குத் தோன்றுகிறபடி இல்லை என்பது வேறு, அந்தப் பொருளே இல்லை என்பது வேறு. உங்களைப் பயமுறுத்திய ஒவ்வொரு வாக்கியமும் முதலாவதைச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் இரண்டாவதற்குத் தாவுகிறது. நேரத்தைப் பற்றிய பேச்சிலும் இதே தாவல்தான்.

நேரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது நிஜம். அதற்கான சாட்சி இதைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்கள் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. கையை விரித்து நீட்டினால் நொடிக்கு ஒன்றிரண்டு அதன் வழியே பாயும். வலிக்காது, தெரியாது. தேயிலை அரைபடும் சத்தத்துக்கு நடுவே நீங்கள் நிற்கும்போதும், வீட்டில் மகள் தூங்கும்போதும் இந்த மழை நிற்பதே இல்லை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் போக முடியும். அது பிறப்பதோ பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். நியாயப்படி நம்மிடம் வந்து சேரவே கூடாது. ஆனால் வருகிறது.

1963-ல் அமெரிக்காவில் ஃப்ரிஷ், ஸ்மித் என்ற இருவர் இதை நேரடியாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மலை உச்சியில் குறிப்பிட்ட வேகத்தில் வந்த மியூவான்கள் மணிக்கு 563. கிட்டத்தட்ட 1900 மீட்டர் கீழே, கடல் மட்டத்தில், நேரம் எல்லாருக்கும் ஒன்று என்றால் 27 போல மிஞ்சியிருக்க வேண்டும். எண்ணியபோது கிடைத்தது 408. ஓடுகிற மியூவானின் நேரம் நம் நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு மெதுவாகக் கழிந்திருக்கிறது. அந்த 1900 மீட்டர் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி உதகையில் இறங்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான். வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் அந்த ஊர்களின் பெயரை எழுதிவிட்டு நம் மலை ரயிலைத்தான் கரும்பலகையில் வரைவேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

மலை ஏறினால் இன்னொன்றும் நடக்கிறது. புவியீர்ப்பு வலுவாக இருக்கும் இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் கண்டது. அதன்படி மேட்டுப்பாளையத்தில் இருப்பவரைவிட உதகையில் இருப்பவருக்கு ஒரு வருடத்தில் ஆறு மைக்ரோ நொடிக்குச் சற்றே கூடுதலாக நேரம் கழிகிறது. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இன்றைய அணுக் கடிகாரங்கள் இதைவிட நுணுக்கமான வித்தியாசத்தைக்கூட அளந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு ‘நேரம் பொய்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? பொய்யான ஒன்றில் ஆறு மைக்ரோ நொடி வித்தியாசத்தை அளக்க வழியே கிடையாது. ஊருக்கெல்லாம் ஒரே கடிகாரம் என்ற நம் எண்ணம்தான் போய்விட்டது.

நட்சத்திரங்கள் செத்துவிட்டன என்பது வெறும் தவறான தகவல். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை, அதாவது அவற்றின் ஒளி நம்மிடம் வந்து சேர அதிகம் போனால் சில ஆயிரம் வருடம் ஆகும். அவற்றின் ஆயுளோ கோடிக்கணக்கான ஆண்டுகள். கிட்டத்தட்ட எல்லாமே இந்த நிமிடமும் எரிந்துகொண்டிருக்கின்றன. ரோகிணியின் ஒளி சுமார் 65 வருடம் பயணம் செய்து வருகிறது. சுவாதியின் ஒளிக்கு 37 வருடம் போதும். அப்படியானால் உங்களுக்கென்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது, கவனித்தீர்களா? நீங்கள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சுவாதியை விட்டுக் கிளம்பிய வெளிச்சம் இப்போது வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. தை மாதத்தில், நம் மலையில் உறைபனி விழும் அந்தத் தெளிந்த விடியற்காலைகளில், ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து, ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்ற பேச்சுக்கு நான் அதிக நேரம் தரப்போவதில்லை. அது 2003-ல் ஒரு தத்துவப் பேராசிரியர் முன்வைத்த வாதத்திலிருந்து பரவியது. அது வாதம் மட்டுமே, அளவீடு எதுவும் அதன் பின்னால் இல்லை. எதை அளந்தால் அது சரி என்று தெரியும், எதை அளந்தால் தப்பு என்று தெரியும் என்று யாராவது சொல்லட்டும், அன்றைக்குப் பேசலாம். ‘இருக்கலாம்’ என்பதை வைத்து யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

மலை நிஜமா என்று கேட்டீர்கள். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை.

உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. பேருந்தில் போகும்போது தூரத்தில் நீளமான கம்பிச் சட்டம் மாதிரி பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களுக்கு மேல் ஆயிரத்துக்கும் அதிகமான மெல்லிய எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் முடித்தார்கள். ஏன் இங்கே வந்தார்கள் தெரியுமா? உதகை பூமியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. அதே 11 பாகை சரிவோடு வடக்கு தெற்காகக் கிடக்கும் ஒரு மலைச்சரிவில் நீண்ட தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அதை ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் போதும், வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். அப்படிப்பட்ட சரிவைத் தேடி அலைந்து கண்டுபிடித்த இடம் அது. மலையே கருவியின் ஒரு பாகம் ஆகிவிட்டது. உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே அப்படி ஒரு கருவி.

அதை வைத்து என்ன பார்த்தார்கள் என்பது இன்னும் அழகு. தூரத்து ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலைகளை அனுப்பும் வான்பொருள்களை, நிலா மறைக்கும் அந்தக் கணத்தைப் பதிவு செய்தார்கள். சட்டென்று மறைந்தால் பொருள் சிறியது, சற்று நேரமெடுத்து மறைந்தால் பெரியது. இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களின் அளவைக் கண்டு வரிசைப்படுத்தியபோது, அண்டம் என்றைக்கும் இப்படியே இருந்தது என்ற அன்றைய கொள்கை அந்த அளவுகளோடு ஒத்துப்போகவில்லை. அண்டம் காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது என்பதற்கான சான்றுகளில் ஒன்று இந்த மலைச்சரிவிலிருந்து போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உதகையில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளமுள்ள 3712 இரும்புக் குழாய்களை அடுக்கி, வந்து சேரும் மியூவான்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஓர் இடிமேகம் மேலே வந்து நின்றபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் அவற்றின் வேகத்தைத் தடுத்திருக்கிறது. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 130 கோடி வோல்ட் என்று வந்தது, 2019-ல் அதை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளைக் கொண்டு, யாரும் உள்ளே போக முடியாத மேகத்தை அளந்துவிட்டார்கள்.

எது உண்மை என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இந்த இரண்டு கதைகளிலும் இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதுவரை தெரியாத இன்னொன்றை அளக்க முடிகிறது, யார் எந்த ஊரில் அளந்தாலும் அதே விடை வருகிறது என்றால், அந்த ஒன்று இருக்கிறது. மியூவான் அப்படி இருக்கிறது. அந்த மலைச்சரிவும் அப்படித்தான். இரண்டு பாகை பிசகியிருந்தால் அந்தத் தொலைநோக்கியின் குறி வானத்தில் தவறிக்கொண்டே போயிருக்கும். நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் மலை 11 பாகையில்தான் சரிந்திருக்கும். தோன்றுவதைவிட அதிகமான உலகம் இருக்கிறது, குறைவாக இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்தி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே.

மாயை பற்றியும் கேட்டீர்கள். அந்தச் சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் சொல்லவில்லை. நம் சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது ஏமாற்று இல்லை, அது உள்பொருள். குடத்துக்கு மண் எப்படியோ அப்படி உலகத்துக்கு முதற்காரணம் மாயை என்பார்கள். ஆகவே ‘எல்லாம் மாயை’ என்று அந்த வழியில் வந்த பெரியவர் சொன்னால், உலகம் இல்லை என்று அர்த்தமாகாது. ஆன்மிகத்தின் கேள்விகளை இயற்பியல் தீர்த்துவைக்காது. இரண்டையும் ஒரே வீடியோவில் போட்டுக் குழைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி உங்கள் உடம்பைப் பற்றி. இது என் துறை இல்லை, ஆனாலும் ஓர் அக்காவாகச் சொல்கிறேன். எதிரே இருப்பது நிஜமா என்ற உணர்வு, தூக்கம் கெட்டுப்போனவர்களுக்கும் மனக்கலக்கத்தில் இருப்பவர்களுக்கும் வரும். மருத்துவர்களுக்கு அது தெரிந்த விஷயம், கேட்டால் சிரிக்க மாட்டார்கள். ஆறு மாதமாக இருக்கிறது என்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் காட்டினாலே போதும். இரவு மூன்று மணிக்கு அந்த வீடியோக்கள் வேண்டாம். அறிவியல் வேண்டுமானால் தூங்கி எழுந்து, வெயில் வந்த பிறகு பாருங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஃபேக்டரியின் தகரக் கூரையில் எங்காவது சின்ன ஓட்டை இருக்கும். பகலில் அதன் வழியே வெயில் கோடாக இறங்குவதையும், தேயிலைத் தூசி அதில் மிதப்பதையும் பார்த்திருப்பீர்கள். அது தரையில் விழும் இடத்தில் ஒரு வட்டம் இருக்கும். ஓட்டை சதுரமாகவோ கோணலாகவோ இருந்தாலும் கீழே வட்டம்தான் விழும். ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26-ல் வளைய கிரகணம் நீலகிரி வழியாகப் போனதே, அந்த நேரத்தில் இப்படிப்பட்ட ஓட்டை வழியே விழும் படம் வட்டமாக இருக்காது, வளையமாக இருக்கும்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, வெயில் வரும் ஜன்னலில் ஒட்டி, மற்ற வெளிச்சத்தை மறைத்துவிடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, வெயிலுக்கு நேர் எதிராக ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம், துளை வழியாகவும் வேண்டாம், தாளை மட்டும் பாருங்கள். தாளில் ஒரு சின்ன வட்டம் விழும். துளையிலிருந்து தாள் எவ்வளவு தூரம் என்று நீங்கள் அளங்கள், வட்டத்தின் குறுக்களவை மகள் ஸ்கேல் வைத்து அளக்கட்டும். தூரத்தைக் குறுக்களவால் வகுத்தால் ஓர் எண் வரும். சூரியன் தன் குறுக்களவைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் இருக்கிறது என்பது அந்த எண்தான். சுமார் 107 வர வேண்டும். விளிம்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்பதால் 95 வரலாம், 120 வரலாம். எது வந்தாலும் திருத்தாமல் அப்படியே எனக்கு எழுதுங்கள், அளந்தது யார் என்று மகளின் பெயரையும் போட்டு.